யாழினியின் கட்டிலுக்கு ஹெம்ப் துணி: மாட்டுங்கா, செம்பூர், தாராவி வழியாக ஒரு சனிக்கிழமை

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னித்துவிடுங்கள். மணி ஒன்று தாண்டிவிட்டது. நான் பதிவு போட்டால் உங்கள் மொபைலில் அறிவிப்பு வரும் என்று தெரியும். தூக்கத்தைக் கெடுத்திருந்தால் ஒரு வார்த்தை திட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள், காலையில் படித்தால் போதும். யாழினி இப்போதுதான் தூங்கினாள். இரண்டு கைக்கும் சாக்ஸ் மாட்டிவிட்டிருக்கிறேன். இல்லாவிட்டால் தூக்கத்திலேயே சொறிந்து முழங்கை மடிப்பில் ரத்தம் வந்துவிடுகிறது.

புதிதாக வந்தவர்களுக்காக: முலுண்டில் வாடகை வீடு. என் கணவர் செந்தில், நான், இரண்டரை வயது யாழினி. அவளுக்குத் தோலில் கரப்பான், எக்ஸிமா என்பார்களே அது. போன வாரம் டாக்டர், கட்டிலில் இருக்கும் பாலியஸ்டர் விரிப்பையும் நைலான் போர்வையையும் எடுத்துவிடுங்கள், காற்றுப் போகிற, சாயம் போடாத துணி ஏதாவது விரியுங்கள் என்றார். ஹெம்ப் என்று அவர் சொல்லவில்லை. அது நானாகப் படித்துக் கண்டுபிடித்தது. பருத்தியைவிடக் குறைந்த தண்ணீரில் வளரும், பூச்சிமருந்து அதிகம் தேவைப்படாது, நார் உறுதியானது, வருஷக்கணக்கில் உழைக்கும், கடைசியில் மண்ணோடு மண்ணாகிவிடும் என்று போட்டிருந்தார்கள். கஞ்சாச் செடியின் இனம்தான், ஆனால் போதை இல்லாத வகை, தண்டிலிருந்து நார் எடுக்கிறார்கள். செந்திலிடம் இதை விளக்கியபோது, "அப்ப பிள்ளை நல்லாத் தூங்கும்னு சொல்லு" என்றார். அவர் அப்படித்தான்.

ஒரு விரிப்புக்கு இவ்வளவு அலைச்சலா என்று கேட்பீர்கள். யாழினிக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பையன் பிறந்தான். பெயர் வைக்கிற நாள்வரை இருக்கவில்லை. நான்கு வருஷம் ஆகிறது. அதனால் இவள் இரண்டு தடவை தும்மினாலும் எனக்கு நிதானம் போய்விடும். இவள் ஒரு ராத்திரி சொறியாமல், அழாமல் தூங்க வேண்டும். அதற்கு என் கையால் செய்ய முடிந்தது இந்தத் துணிதான் என்று மனதில் பதிந்துவிட்டது. நேற்று சனிக்கிழமை, செந்திலுக்கு விடுமுறை. யாழினியை அவரிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

காலை 9.20 ஸ்லோ லோக்கல். முலுண்டிலிருந்து மாட்டுங்கா சுமார் 21 கிலோமீட்டர், முக்கால் மணி நேரம், இரண்டாம் வகுப்பு டிக்கெட் பத்து ரூபாய். (ஃபாஸ்ட் வண்டி மாட்டுங்காவில் நிற்காது. தாதரில் இறங்கித் திரும்ப வர வேண்டும், அதற்கு ஸ்லோவே மேல்.) ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு தட்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, கைத்தறி விற்கும் ஒரு சின்னக் கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்த மாமி மூக்குக்கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்.

"ஹெம்ப்னா? சணலா?"

"சணல் இல்ல மாமி. வேற செடி."

"என்ன செடியோ. கையில எடுத்தா சாக்கு மாதிரின்னா இருக்கும்? கொழந்தைக்கு உறுத்தும். ஆசையா வாங்கிண்டு போவேள், ஒரே மாசத்துல தரை தொடைக்கப் போட்டுடுவேள்."

மெல்லிய காதியை எடுத்துப் போட்டார். நன்றாகத்தான் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அங்கேயே திரும்பியிருக்கலாம். ஆனால் ஒரு வாரமாக ராத்திரி எல்லாம் படித்துவிட்டு ஹெம்ப் என்று கிளம்பியவளுக்குக் காதி போதவில்லை. அங்கே ஹெம்ப் கிடைக்காது. நீங்கள் அதற்காகவே போவதாக இருந்தால் மாட்டுங்காவில் இறங்காமல் நேராகச் செம்பூர் போய்விடுங்கள்.

மாட்டுங்காவிலிருந்து குர்லா, அங்கே பிளாட்பாரம் மாறி ஹார்பர் லைனில் இரண்டாவது ஸ்டேஷன் செம்பூர். குர்லாவில் பாலம் ஏறி இறங்குவதற்குத்தான் நேரம் ஆகும், வண்டிக்குள் ஏழெட்டு நிமிஷம்தான். ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷ நடையில், ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் கடை. பெயர்ப்பலகை கிடையாது, இன்ஸ்டாகிராம் பார்த்து வருகிறவர்கள்தான் வாடிக்கை. ஏசி குளிரில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். என் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறிக்கொண்டாள்.

"மிக்ஸ் வேணுமா, ப்யூர் வேணுமாக்கா? மிக்ஸ்ல பாதி காட்டன், சாஃப்ட்டா இருக்கும். ப்யூர் கொஞ்சம் கடக், வெறப்பா இருக்கும். தோய்க்கத் தோய்க்க நரம் ஆயிடும், மெத்துனு."

"குழந்தைக்கு. சாயம் இருக்கக் கூடாது."

"அப்ப இந்த நேச்சுரல்தான். ஆனா சின்னப் பசங்களுக்கு இந்தக் கலர் ஏன்க்கா? சீக்கிரம் மைலா ஆயிடும், அழுக்கு தெரியும். நீலம் பாருங்க, பச்சை பாருங்க. எல்லாரும் அதுதான் எடுக்கறாங்க."

நீலம் அழகாகத்தான் இருந்தது. ஈரக் கைக்குட்டையால் தேய்த்துப் பார்த்தேன், லேசாகச் சாயம் ஒட்டியது. அதனால் நேச்சுரல். வெளுக்காத, சாயம் ஏறாத, கொஞ்சம் பழுப்பு ஓடிய வெள்ளை. ஒரு நூல் உருவித் தரச் சொல்லி வாசலில் கொளுத்திப் பார்த்தேன். காகிதம் மாதிரி எரிந்து சாம்பலானது. பாலியஸ்டர் கலந்திருந்தால் உருகி முத்தாகத் திரளும். மீட்டர் 640 ரூபாய், அகலம் 58 அங்குலம். கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் சேர்த்து ஆறு மீட்டர், 3,840. மலிவில்லை. மடிப்பைப் பிரித்தபோது கஞ்சி வாடை மாதிரி ஒன்று வந்தது. கை கொஞ்சம் பின்வாங்கியது. துணி விறைப்பாக இருப்பதால் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுபடி குர்லா, அங்கிருந்து சயான். மேற்குப் பக்கம் இறங்கி, தாராவி தொண்ணூறடிச் சாலைக்கு நடந்தே போனேன், இருபது நிமிஷம். நான் பிறந்து வளர்ந்தது அந்தப் பக்கம்தான். எங்கள் வீட்டுத் திரை, மெத்தை உறை எல்லாம் சாகுல் அண்ணன்தான் தைப்பார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். முதல் பிள்ளை போனபோது மூன்று நாள் எங்களுக்குச் சோறு வந்தது அவர் வீட்டிலிருந்துதான்.

"வா தங்கச்சி. என்ன, முலுண்டுக்குப் போனவ அங்கியே டைலர் பிடிச்சிட்டான்னுல்லா நெனச்சேன்."

"அங்க எல்லாம் ரேட்டு ஜாஸ்திண்ணே."

"அதான பாத்தேன். பாசத்துல வந்தியோன்னு ஒரு நிமிசம் ஏமாந்துட்டேன்." சிரித்துக்கொண்டே பையை வாங்கித் துணியை மேசையில் விரித்தார். "அளவு சொல்லு."

"நாலு அடிக்கு ரெண்டு அடி."

டேப்பை எடுத்த கை நின்றுவிட்டது. துணியின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தார். நனைக்காத துணி. பக்கத்து மெஷினில் தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அக்காவும் மெஷினை நிறுத்தினார்.

"யாருக்கு தங்கச்சி?" என்றார் அண்ணன். குரல் இறங்கியிருந்தது.

"யாழினிக்கு."

"யா அல்லா. பிள்ளைக்கு என்ன ஆச்சு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் வீடுகளில் புதுத் துணி வாங்கினால் மஞ்சள் தொட்டு வைத்துவிட்டுத்தான் உடுத்துவோம். ஒன்றும் தொடாமல், நனைக்காமல், வெளுப்பும் சாயமும் இல்லாமல் அப்படியே போர்த்துகிற துணி கோடி. அது போகிறவர்களுக்கு. சாகுல் அண்ணன் வீட்டில் அதற்கு வேறு பெயர், துணி இதே நிறம்தான். அன்றைக்கு என் பையனுக்கு என் கொழுந்தன் ஓடிப்போய் வாங்கி வந்ததும் இந்த நிறம், இந்த வாடை. செம்பூர் கடையில் என் கைக்குத் தெரிந்திருக்கிறது. நான்தான் விறைப்பு என்று சொல்லிக்கொண்டேன்.

"ஒண்ணும் இல்லண்ணே. விரிப்புக்கு. அவ கட்டிலுக்கு."

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அதை மொதல்லயே சொல்லக்கூடாதா பிள்ள? எனக்கு ஈரக்குலையே நடுங்கிட்டு."

"நாலுக்கு ரெண்டுன்னா என்னத்தன்னு நெனப்பாவ" என்று அந்த அக்கா முனகினார். பிறகு என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். நான் அழுதேனா என்று கேட்காதீர்கள்.

அண்ணன் எழுந்து துணியைத் திரும்ப மடித்துப் பையில் வைத்தார். "இதுல நான் இப்ப கத்திரி வைக்க மாட்டேன். நனைக்காமத் தச்சா அளவு சுருங்கிப் போவும். நீ வீட்டுல ஊறப்போட்டு, காயவச்சி எடுத்துட்டு வா. திங்கக்கிழமை மத்தியானத்துக்குள்ள வா, ராத்திரி எனக்கு ஊருக்கு வண்டி. போனா ஒரு மாசம் ஆவும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேணும்னா சுத்தி வர செவப்பு நாடா வச்சித் தச்சித் தாரேன். பாக்க வேற மாதிரி இருக்கும்" என்றார்.

சயானிலிருந்து முலுண்டுக்கு நேர் வண்டி, அரை மணிக்கு மேல் ஆகும். லேடீஸ் பெட்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பையை மடியில் வைத்துக்கொள்ள முடியவில்லை, மேலே ரேக்கில் போட்டேன். முலுண்டில் இறங்கி நாலு எட்டு நடந்திருப்பேன், "ஓ பாபி! தைலா!" என்று பின்னால் சத்தம். பையை ரேக்கிலேயே மறந்துவிட்டிருக்கிறேன். கிளிப்பும் பொட்டும் விற்கிற பெண் ஒருத்தி கதவில் தொங்கியபடி பையை நீட்டினாள். ஓடிப்போய் வாங்கினேன். அவள் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். வண்டி போய்விட்டது. அவளுக்கு நன்றிகூடச் சொல்லவில்லை.

வீட்டில் செந்தில் பையைத் திறந்தார். கஞ்சாத் துணி ஜோக்கு ஒன்றை நாளெல்லாம் தயார் செய்து வைத்திருப்பார் என்று எதிர்பார்த்தேன். துணியைப் பாதி வெளியே எடுத்ததும் அப்படியே நின்றார். அன்றைக்குப் பையனை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போனது அவர்தான். நான் போகவில்லை, என்னைப் போக விடவில்லை. அந்தத் துணியைக் கடைசிவரை தொட்டுக்கொண்டிருந்தவர் அவர்.

"இந்தக் கலர்தான் கிடைச்சுதா?"

"சாயம் வேண்டாம்னு டாக்டர் சொன்னாருல்ல."

தலையாட்டினார். குளியலறைக்குப் போய்ப் பெரிய வாளியில் குழாயைத் திறந்துவிட்டு, ஆறு மீட்டரையும் உள்ளே போட்டு இரண்டு கையாலும் அழுத்தினார். துணி உப்பி உப்பி மேலே வந்தது, விடாமல் அழுத்தினார். "நனைஞ்சிட்டா வேற துணி" என்றார், என்னைப் பார்க்காமல். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக டீ மாதிரிப் பழுப்பானது. யாழினி ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். "அப்பா, சாய்!" என்று கத்திவிட்டு, தன் பொம்மைக் கப்பை எடுத்துவந்து வாளியில் முக்கி அவருக்கு நீட்டினாள். அவர் குடிப்பதுபோல் உறிஞ்சிக் காட்டினார். எனக்கும் ஒரு கப். பிறகு அவள் டிவி பார்க்கப் போய்விட்டாள். அவர் வாளியிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் குழாயை மூடிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தப் பையனைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பேசியதே கிடையாது. நேற்றும் பேசவில்லை. ஆனால் சேர்ந்து உட்கார்ந்திருந்தோம்.

இந்தத் துணி வாங்கப் போகிறவர்களுக்குச் சில விஷயம். தேவைக்கு மேல் பத்து சதவீதம் சேர்த்து வாங்குங்கள். என் துணி ஒரு நனைப்பிலேயே மீட்டருக்கு இரண்டு விரற்கடை சுருங்கிவிட்டது. சனிக்கிழமை மதியத்துக்கு முன் போங்கள், அதற்கப்புறம் ஹார்பர் லைனில் கூட்டம். "ஹெம்ப் லுக்" என்று எழுதியிருந்தால் தொடாதீர்கள், அது பாலியஸ்டர். இந்த நார் எங்கே விளைந்தது என்று கேளுங்கள். நான் கேட்டதற்கு அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. வெகுதூரத்திலிருந்து கப்பலில் வந்திருந்தால் சுற்றுச்சூழலுக்கு எவ்வளவு நல்லது என்று எனக்கும் தெரியவில்லை. வீட்டில் பழைய பருத்திப் புடவை இருந்தால் அதையே விரிப்பதுதான் செலவில்லாத வழி. எனக்குப் பழையது போதவில்லை. இவளுக்கென்று புதிதாக ஒன்று வாங்க வேண்டும் என்றிருந்தது. இவள் இருக்கிறாள், இவளுக்கு வாங்குகிறோம் என்று.

மூன்று அலசு ஆகிவிட்டது. கொடியில் தொங்குகிறது. வாடை போய்விட்டது, நிறம் போகவில்லை. கையில் இன்னும் சொரசொரப்பாக இருக்கிறது. திங்கட்கிழமை மதியத்துக்குள் இரண்டு விஷயம் எனக்குத் தெரிய வேண்டும். உங்களில் யாராவது கரப்பான் உள்ள குழந்தையை ஹெம்ப்பில் படுக்க வைத்திருக்கிறீர்களா, எத்தனை தோய்ப்புக்கு அப்புறம் உறுத்தவில்லை? அந்தச் சிவப்பு நாடாவை வைத்தால் சாயம் அவள் தோலில் படுமா? நாடா இல்லாமல் அந்தத் துணியில் அவள் கண்மூடிக் கிடப்பதைப் பார்க்க என்னால் முடியாது. நாடாவால் அவளுக்கு அரித்தால் அதையும் என்னால் பார்க்க முடியாது. தெரிந்தவர்கள் கீழே கமெண்டில் எழுதுங்கள். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.