சதாசிவம் அண்ணனின் வெள்ளிக்கிழமை முகம்

சதாசிவம் அண்ணன் எங்கள் எதிர்வீட்டுக்காரர். ஈப்போ டவுனில் ஒரு ஹோட்டலின் முன்வாசலில் ஜாகாவாக நிற்கிறார். வயது ஐம்பத்து நான்கு. ஆயர் தாவார் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து, கமுந்திங்கில் கையுறைத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் உழைத்து, முதுகு போன பிறகு இந்தக் காவல் வேலைக்கு வந்தவர். வெள்ளைச் சட்டை, தோளில் பொன்னிறக் கயிறு, கருகருவென்று ஒரு மீசை. அந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது என்று நான் எழுதப்போவதில்லை. எதிர்வீட்டில் குடியிருக்க வேண்டியவள் நான்.

அவருக்கு ஒரு நேர்த்திக்கடன் உண்டு. மூன்று வருடத்துக்கு முன்பு அவர் மனைவி கலாதேவிக்கு இருதயத்தில் அறுவை நடந்தது. ஆஸ்பத்திரிக் கதவுக்கு வெளியே நின்றபடி மாரியம்மனிடம், "இவளத் திருப்பிக் குடு தாயே, செவ்வா, வெள்ளி என் மொகத்துல கத்தி படாது" என்று சொல்லிவிட்டார். அம்மன் கொடுத்தாள். இவரும் சொல் மாறவில்லை.

சங்கடம் என்னவென்றால், ஜாகாக்களின் முகத்தைச் சோதிக்க அவர்களுடைய சூப்பர்வைசர் தனேஸ்வரன் வருவதே வெள்ளிக்கிழமை காலையில்தான். கன்னத்தில் ஒரு டிஷ்யூ தாளை வைத்து மெல்ல இழுப்பார். தாள் வழுக்கினால் நல்லது. மயிரில் சிக்கினால் எச்சரிக்கைக் கடிதம். அண்ணன் ஏற்கெனவே இரண்டு கடிதம் வாங்கிவிட்டார். மூன்றாவது வந்தால் லகாட்டில் இருக்கும் கிடங்குக்கு ராத்திரிக் காவல் மாற்றிவிடுவார்கள். கலாதேவிக்கு இன்னும் சில ராத்திரிகளில் மூச்சு முட்டும். ஒரே மகள் விமலாவையும் கட்டிக்கொடுத்தாகிவிட்டது.

"நான் ராத்திரியில அங்க போய்ட்டா இவள யாரு பாத்துக்குவா?" என்று என்னிடம் கேட்டார்.

"நான் இல்லையா?" என்றேன்.

"நீங்க எட்டு மணிக்கே தூங்கிருவீங்க லா."

உண்மைதான்.

அதுவரை அவர் வைத்திருந்தது ஒரே பிளேடை நடுவில் வைத்துத் திருகும் இரும்பு ரேசர். வியாழக்கிழமை வேலை முடிந்து வந்து, விளக்கு வைப்பதற்குள் சவரம் செய்து முடிப்பார். அதைச் சாய்வு பார்த்துப் பிடிக்க வேண்டும். அவசரப்பட்டால் தாடையில் ரத்தம். அவ்வளவு பாடுபட்டும் விடிந்தால் கன்னத்தில் உப்புத் தூவியதுபோல முள் எட்டிப் பார்க்கும்.

விமலா வேலை செய்வது மருந்துக்கடையில். அப்பா படும் பாட்டைப் பார்த்து, ஐந்து பிளேடு வரிசையாக அடுக்கிய புது ரேசர் ஒன்றை வாங்கி வந்தாள். மழுங்கினால் தலையை மட்டும் கழற்றி வேறு தலை மாட்டிக்கொள்ளலாமாம்.

"முன்னால இருக்குற பிளேடு முடியத் தூக்கும்பா. பின்னால வர்றது வெட்டும்."

"மத்த மூனும்?"

"அதுவும் வெட்டும்."

"ஒரு முடிக்கு அஞ்சு பேரா? ரோடு தோண்டுறவங்க மாதிரில்ல இருக்கு. ஒருத்தன் தோண்டுவான், நாலு பேரு நின்னு பாப்பாங்க."

கேலி செய்தாரே தவிர, அந்த வியாழனே எடுத்துப் பார்த்துவிட்டார். நாலே இழுப்பு. ஒரு கீறல் இல்லை. கன்னம் கத்தரிக்காய் மாதிரி மின்னியது. மறுநாள் தனேஸ்வரன் வைத்த தாள் வழுக்கித் தரையில் விழுந்ததாம். அதை அண்ணன் என்னிடம் மட்டும் நான்கு தடவை சொன்னார்.

அத்தோடு விட்டிருக்கலாம். அடுத்தடுத்த வியாழக்கிழமைகளில் மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே இரண்டு தடவை என்று இழுத்தார். மூன்றாவது வெள்ளிக்கிழமை, போன ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டார். கன்னம், தாடை, கழுத்து எல்லாம் சிவப்புச் சிவப்பாகக் கொப்புளம்.

"தாளக்கூட எடுக்கல. பாத்ததும் பத்தடி தள்ளி நின்னுக்கிட்டான். 'சிக்கன் போக்ஸ் லா அண்ணே, வீட்டுக்குப் போங்க'ன்னுட்டான்."

நான் ஒரு பார்வை பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கலாதேவி அந்த நோயின் பேரைக்கூடச் சொல்லவில்லை. "அம்மா வந்துருக்கா" என்றாள். கீழே போய் வேப்பிலை ஒடித்து வந்தவள் நான்தான். வாசலில் ஒரு கொத்து, பாயில் ஒரு பரப்பு. வீட்டில் தாளிப்பு நின்றது. அண்ணனுக்குக் கூழும் இளநீரும். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து முகத்தில் பூசிவிட்டோம். அவரோ தாயோடு மனத்தாங்கலில் இருந்தார். "வியாழக்கெழமதானே வழிச்சேன்? சொன்ன வாக்குல என்ன கொறை வச்சேன்?" என்று வேப்பிலைக்கு நடுவிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை விமலா வந்தாள். அப்பாவின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏம்மா, நெஞ்சுல ஒன்னும் இல்ல, முதுகுல ஒன்னும் இல்ல. வழிச்ச எடத்துல மட்டும் இருக்கு. மீசைக்கடியில ஒன்னுகூட இல்ல பாரு. அம்மாவுக்கு மீசன்னா பயமா?"

"வாயக் கழுவுடி!" என்று கலாதேவி கத்தினாள். ஆனால் அவள் கண்ணும் மீசைப் பக்கம் போனது. என்னுடையதும் போனது.

திங்கட்கிழமை கிளினிக்கில் டாக்டர் மாதுமை பார்த்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பொறுமையாகப் பேசுவார்.

"இது அம்மை இல்லை அங்கிள். அஞ்சு பிளேடும் சேர்ந்து முடியை இழுத்துத் தோலுக்குக் கீழே வெட்டியிருக்கு. உங்களுக்குச் சுருட்டை முடி. முளைக்கிற முடி வெளியே வர வழி தெரியாமல் உள்ளேயே குத்துது. முடி நேரா இருக்கிறவைக்கு அந்த ரேசர் நல்லது, சுகமாயும் இருக்கும். உங்களுக்குப் பழைய ஒற்றை பிளேடுதான் சரி. முடி போற பக்கமா ஒருக்கா இழுத்தால் போதும். கிழமைக்கு ரெண்டு நாள் கத்தியே படக்கூடாது. வேலைக்குக் கடிதம் தாறன்."

அண்ணன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "அந்த ரெண்டு நாளையும் செவ்வா, வெள்ளின்னு எழுதிருங்க டாக்டர்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கலாதேவி அறுவை நடந்த கதையைச் சொன்னாள். டாக்டர் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டார். முகத்துக்கு வந்தது அம்மை இல்லை, சரி. அம்மனும் இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை தனேஸ்வரன் அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தாராம்.

"செவ்வா, வெள்ளி. கிளினிக்ல பஞ்சாங்கம் மாட்டிருக்காங்களா அண்ணே?"

"டாக்டர் எழுதுனது லா. நான் என்னத்தக் கண்டேன்?" என்றவர், நேர்த்திக்கடனையும் மறைக்காமல் சொல்லிவிட்டார். பொய் அவருக்கு முழுதாக வராது.

தனேஸ்வரன் டிஷ்யூ தாளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "லகாட்டுக்கெல்லாம் போக வேணாம். இந்த ரெண்டு நாளும் மாஸ்க் போட்டுக்கிட்டு இங்கயே நில்லுங்க."

"மாஸ்க் போடலாமா?"

"எப்பவுமே போடலாம் லா. நீங்க கேக்கவே இல்லையே?"

வீட்டுக்கு வந்து இதை அவர் சொன்னபோது நானும் அங்கே இருந்தேன். கலாதேவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அண்ணன் பதறிப்போய்த் தண்ணீர் எடுத்து வந்தார்.

"சிரிக்காத, தையல் விட்டுறப் போவுது!"

"மூனு வருசம் ஆச்சுங்க. தையலெல்லாம் எப்பவோ சேந்துருச்சு" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நீங்க மூஞ்சிய மூடிக்கிட்டு நிம்மதியா வேலைக்குப் போங்க."