சன்னலோரத்துக் குங்குமப்பூ

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் பாயசம் என்றால் நல்லம்மாள்தான். ரயில் பட்டறையில் வேலை பார்த்த அய்யாவுவின் மனைவி. பஜனையோ பேர்வைப்போ, அவள் அடுப்பு மூட்டிய பிறகுதான் மற்றப் பெண்கள் கரண்டியைத் தொடுவார்கள். அந்தப் பெருமையில் மண்ணைப் போட்டவள் குணபூசணி.

பின்சந்துக்கு அந்தப் பக்கம் ரயில்வே எழுத்தர்களான கிராணிமார் வீட்டு வரிசை. யாழ்ப்பாணத்துக் கிராணி சிவசம்புவின் மனைவி குணபூசணி அங்கே இருந்தாள். ஒரு நவராத்திரிக்கு அவள் கொண்டுவந்த பாயசம் இளமஞ்சளாக, மூடியைத் திறந்ததுமே மணந்தது. நாலு இழை குங்குமப்பூவை வெதுவெதுப்பான பாலில் ஊறவைத்துச் சேர்த்தேன், அவ்வளவுதான் என்றாள். பெண்கள் அவளையே சுற்றி நின்றார்கள். நல்லம்மாளின் அண்டாவில் பாதி மிஞ்சியது. பொறாமைதான், வேறென்ன? அன்றிலிருந்து அந்த வீட்டில் வெங்காயம் வதங்கினாலும் இவளுக்குக் கண் எரிந்தது.

இரண்டு மாதத்தில் மகள் இராஜம்மா ஏழாம் மாத வளைகாப்புக்குத் தாய்வீடு வரவிருந்தாள். நல்லம்மாள் விடவில்லை. அய்யாவுவை நச்சரித்து, பத்து ரோடு என்ற கடைத்தெருவில் குங்குமப்பூ வாங்கவைத்தாள். மகளுக்குப் பால், விருந்துக்குப் பாயசம். வாங்கியதை ஒளித்துவைத்தால் பின்வீட்டுக்காரிக்கு எப்படித் தெரியும்? கண்ணாடிக் குப்பியில் போட்டு, வெயில் விழும் பின்சன்னலில் வைத்தாள். காலையில் குப்பியைத் துடைப்பதே அவளுக்குப் பூசை. குணபூசணி ஒருநாள் அதை உற்றுப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். நல்லம்மாளுக்கு அன்று சோறு தனி ருசியாக இருந்தது.

வளைகாப்புக்குக் குணபூசணியை அழைக்கவில்லை. பிள்ளையில்லாதவளைக் கூப்பிடுவது வழக்கமில்லை என்று அய்யாவுவிடம் சொன்னாள். வழக்கம் ஒரு சாக்கு.

வளைகாப்பன்று காலையில் குங்குமப்பூவைப் பாலில் போட்டாள். பால் வெளுப்பாகவே இருந்தது. இன்னும் கொஞ்சம், பிறகு குப்பி முழுவதும். வைக்கோல் ஊறியதுபோல் மிதந்ததே தவிர நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஊரெல்லாம் குங்குமப்பூப் பாயசம் என்று சொல்லியாகிவிட்டது. வாசலில் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். வேறு வழியின்றி, அந்தப் பால் கிண்ணத்தோடு பின்சந்தைத் தாண்டினாள்.

குணபூசணி கிண்ணத்தைப் பார்த்தாள். அரிசிப் பானைக்குள் கைவிட்டு, துணி சுற்றிய சின்னத் தகர டப்பாவை எடுத்தாள்.

"உங்கட பூவை வெயில் குடிச்சிட்டுது. அண்டைக்கே சொல்ல நினைச்சனான். குறை சொல்லுறன் எண்டு நினைப்பியள் எண்டு விட்டிட்டன். இதை இருட்டிலதான் வைக்கவேணும்." டப்பாவை நீட்டினாள். "எனக்கெண்டு வாங்கினது. வருசா வருசம் நம்பி வாங்கினனான். இனி எனக்கேன்? மகளுக்குக் குடுங்கோ."

நல்லம்மாள் டப்பாவை வாங்கவில்லை. நின்றபடியே அழுதாள்.

"நீங்க வந்து ஒங்க கையால குடுங்க. அப்பதான் எம் மக குடிப்பா."

குணபூசணி சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். இராஜம்மா அவள் கையால் பாலைக் குடித்தாள், அவள் கையால் வளையல் போட்டுக்கொண்டாள், பிறகு அந்தக் கையை விடவேயில்லை. பாயசம் பரிமாற வந்த நல்லம்மாளுக்கு அதைப் பார்த்ததும் மறுபடி வயிறு எரிந்தது. ஆனாலும் முதல் கரண்டியைக் குணபூசணிக்குத்தான் ஊற்றினாள்.