பதினெட்டு அங்குலக் குழாய்

ரோசேர் பெல்ஃப்ளூர் முப்பத்தொரு வருடம் மூஸ் மானுக்கு மனுப் போட்டார். மேய்ன் மாநிலத்தின் வடகோடியில், ஆற்றைத் தாண்டினால் கனடா என்று இருக்கிற அந்த ஊரில், நினைத்தவன் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு மூஸ் வேட்டைக்குப் போய்விட முடியாது. குலுக்கலில் பெயர் வர வேண்டும். ஜூன் மாதம் ஏதாவது ஓர் ஊரில் மேடை போட்டு, ஒலிபெருக்கியில் ஒவ்வொரு பெயராக வாசிப்பார்கள். அதைக் கேட்பதற்காகவே ஜனங்கள் மடக்கு நாற்காலியோடு வந்துவிடுவார்கள். ரோசேரும் போவார். முப்பது வருடம் நாற்காலியை விரித்தார், முப்பது வருடம் மடக்கினார்.

பாதிரியாருக்கு விழுந்தது. இரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழுகிற தபால்காரருக்கு விழுந்தது. ரோசேரின் தங்கை ஆனெட்டைக் கட்டிய லியோன்ஸுக்கு மூன்று முறை விழுந்தது. லியோன்ஸ் உருளைக்கிழங்கு விவசாயி. வாய் மட்டும் வக்கீலுக்கு உள்ளது. மூன்று ஜோடிக் கொம்பில் இரண்டைக் கொட்டகை வாசலில் அடித்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்தில் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "மூணாவதுக்கு இடம் பத்தல மச்சான். உன் வீட்டுச் சுவர் சும்மாத்தானே இருக்கு, குடுத்து விடட்டுமா?" அன்று ரோசேர் தட்டில் கை வைக்காமல் எழுந்து வந்துவிட்டார்.

முப்பத்தோராவது வருடம், அறுபத்து நான்கு வயதில், அவர் பெயரை வாசித்தார்கள். ஆண் மூஸ் ஒன்று. அக்டோபரில் ஆறு நாள், திங்கள் முதல் சனி வரை. அதுவும் எந்த மண்டலம்? ஓய்வு பெறும் வரை அவர் முப்பத்து நான்கு வருடம் கிரேடர் ஓட்டிய காடு. மரக் கம்பெனிக்காக அந்தக் காட்டில் ரோடு போட்டவர், போட்ட ரோட்டைச் சமப்படுத்தியவர், பனி தள்ளியவர் எல்லாம் அவரே. மனைவி ஜெர்மேன் பெரிய ஃப்ரீசரைக் காலி செய்து, சோடா உப்புப் போட்டுத் துடைத்து, கதவைத் திறந்தே வைத்தாள். சீட்டுக்காரர் துணைக்கு ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது விதி. ரோசேர் யோசித்துப் பார்த்து லியோன்ஸின் பெயரை எழுதினார். மூன்று முறை தோலுரித்த கை வேண்டும் என்று வெளியே சொன்னார். தான் சுடுவதை அந்த ஆள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பதுதான் உள்ளே இருந்த காரணம்.

திங்கள் விடியலில் இருவரும் லியோன்ஸின் வண்டியில் காட்டுக்குள் போனார்கள். பதினேழாவது மைலில் ரோடு முடிந்துவிட்டது. அதாவது ரோடு அங்கேதான் இருந்தது, தண்ணீருக்கு அடியில். இருநூறு அடி நீளத்துக்குத் தொடை ஆழத் தண்ணீர். அங்கே ரோட்டைக் குறுக்கே கடக்கிற சின்ன ஓடையைப் பீவர்கள் அடைத்திருந்தன. மரம் கொறித்து அணை கட்டுகிற அந்தப் பிராணிக்கு, ரோட்டுக்கு அடியில் போகும் குழாய் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. குழாய் வாயில் நாலு கிளையும் சேறும் திணித்தால் போதும், ரோடே அணையாகிவிடும்.

ரோசேருக்குச் சீட்டு விழுந்த மண்டலம் அந்த ஓடைக்கு அப்பால்தான் தொடங்கியது. இந்தப் பக்கம் மூஸ் வந்து காலை நக்கினாலும் சுடக் கூடாது.

லியோன்ஸ் ரப்பர் பூட்ஸோடு இறங்கிப் போய்க் குழாய் வாயைக் காலால் தடவிப் பார்த்தார். "மச்சான், இது பதினெட்டு அங்குலம்தான் இருக்கும். இந்த ஓடைக்குப் பதினெட்டு அங்குலமா? எந்த மடப்பய போட்டான் இதை?"

ரோசேர் வண்டிக்குள் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டார். "எவனோ" என்றார்.

எவனோ இல்லை. இருபத்து மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஜூன் மாதம், அந்தக் குழாயைப் புதைத்தவர் ரோசேர். மூன்றடிக் குழாய் வர வேண்டியிருந்தது. நண்பகல் வரை லாரி வரவில்லை. அன்று மாலை ஆறு மணிக்குக் குலுக்கல், இரண்டரை மணி நேரப் பயணம். ரோட்டோரத்தில் பழைய பதினெட்டு அங்குலக் குழாய் ஒன்று கிடந்தது. 'இப்போதைக்கு இது போதும், அப்புறம் பாத்துக்கலாம்' என்று அதை இறக்கி, மண்ணைத் தள்ளி மூடி, மேலே நாலு நடை ஓட்டிவிட்டுப் பறந்தார். சேற்றுக் காலோடு போய்ச் சேர்ந்தார். அன்று வாசித்த பெயர் லியோன்ஸுடையது. முதல் தடவை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வசந்தத்திலும் பனி உருகும்போது அந்த இடத்தில் தண்ணீர் ரோட்டை முட்டிக்கொண்டு நிற்பதைக் கிரேடர் மேலிருந்து பார்ப்பார். அடுத்த வருடம் மாற்றிவிட வேண்டும் என்று நினைப்பார். வேலையிலிருந்தே ஓய்வு பெற்றாயிற்று, குழாய் மாறவில்லை.

"வண்டிய விட்டுப் பாக்கலாமா?" என்றார் லியோன்ஸ்.

"வேணாம். குழாய்க்கு மேல இருக்கற மண்ணு உள்ள அரிச்சிருக்கும். பொத்துனு போயிரும். ஆளு நடக்கலாம், வண்டி போகாது."

"என்னமோ நீயே புதைச்ச மாதிரி சொல்ற."

ரோசேருக்கு வந்த ஆத்திரத்துக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது. அடிக்க வேண்டிய ஆள் தன் பூட்ஸுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்ததுதான் தொல்லை.

அன்று மத்தியானம் காட்டு நுழைவில் இருந்த கம்பெனி கேட்டுக்குத் திரும்பிப் போய், ரோட்டைச் சரிசெய்து தரச் சொன்னார்கள். கேட்டில் போகிற வருகிறவர் பெயரை எழுதுகிற ஜிசேல் கம்பளி பின்னிக்கொண்டே சொன்னாள்: "மெஷினெல்லாம் தெக்குப் பக்கம் போயிருக்கு. பத்து நாள் ஆகும்."

"சனிக்கிழமையோட சீசன் முடியுதும்மா."

"அப்ப பீவர்கிட்ட சொல்லிப் பாருங்க."

செவ்வாய்க்கிழமை சுற்று வழியில் போனார்கள். நாற்பது மைல் குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேர்ந்தால், அங்கே ஓடைமேல் இருந்த பாலத்தின் பலகைகளைக் கம்பெனி கழற்றிக்கொண்டு போயிருந்தது. இரண்டு இரும்பு உத்தரங்கள் மட்டும் இருந்தன. லியோன்ஸ் உத்தரத்தைப் பார்த்தார், தன் தொந்தியைப் பார்த்தார், வண்டியைத் திருப்பினார். திரும்பும் வழியெல்லாம் அந்தக் குழாய் போட்டவனின் ஏழு தலைமுறையை விசாரித்துக்கொண்டே வந்தார்.

புதன்கிழமை குழாய் வாயைச் சுத்தம் செய்தார்கள். கிழங்கு தோண்டுகிற நாலு பல் கொக்கி ஒன்றை லியோன்ஸ் கொண்டுவந்திருந்தார். இடுப்பளவு தண்ணீரில் நின்று அதைக்கொண்டு கிளைகளை இழுத்தார்கள். விரல் மரத்துப்போய், ஜெர்மேன் கட்டிக்கொடுத்த ப்ளோய் தோசையைச் சுருட்டக்கூட முடியாமல் கிழித்துத் தின்றார்கள். சாயங்காலம் தண்ணீர் ஒரு சாண் இறங்கியிருந்தது. "நாளைக்கு வண்டி போயிரும்" என்று லியோன்ஸ் கை தட்டினார். அந்தச் சந்தோஷத்தில் கொக்கியைக் கரையிலேயே மறந்துவிட்டு வந்தார்கள்.

வியாழன் காலையில் தண்ணீர் பழைய மட்டத்துக்கு மேல் இரண்டு விரல் நின்றது. குழாய் வாயில் புதிய சேறு, புதிய கிளை. நடுவே நெட்டுக்குத்தாகக் கிழங்குக் கொக்கி.

"எங்கப்பா வச்சிருந்த கொக்கிய்யா அது!" என்று லியோன்ஸ் கத்தினார், இழுத்துப் பார்த்தார், வரவில்லை. ரோசேருக்குச் சிரிப்பு வரவில்லை. நான்கு நாளில் அவர் ஒரு தடவைகூடத் துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்கவில்லை. முப்பத்தொரு வருடம் காத்திருந்தது தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கா என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது. மூக்கைச் சிந்துவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை நடந்தே அக்கரை போனார்கள். தண்ணீருக்கு அடியில் ரோட்டின் கெட்டி எது, ஓரத்துப் புதைசேறு எது என்று ரோசேரின் காலுக்குத் தெரிந்திருந்தது. ஐந்து மைல் உள்ளே ஆண் மூஸின் தடம் கிடைத்தது, குளம்பு ஒவ்வொன்றும் சோற்றுத் தட்டளவு. ஆனால் அங்கே சுட்டு என்ன செய்வது? எழுநூறு எண்ணூறு பவுண்டு இறைச்சியை வெட்டி, இரண்டு கிழவர்கள் ஐந்து மைல் சுமப்பதற்குள் அந்த வாரத்து வெயிலில் அது கெட்டுவிடும். தடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

ஆக, வண்டி நிற்கிற தண்ணீருக்குப் பக்கத்திலேயே மூஸ் வந்தால்தான் உண்டு. சனிக்கிழமை காலையிலிருந்து அக்கரையில், ரோடு தண்ணீரிலிருந்து வெளியே ஏறுகிற இடத்தில், இருவரும் ஒரு விழுந்த மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். ரோசேர் மரப்பட்டைக் குழலை வாயில் வைத்துப் பெண் மூஸ் மாதிரி முனகினார். மணிக்கு ஒரு தரம் முனகினார். மத்தியானம் லியோன்ஸ் சொன்னார்: "நீ கூப்பிடறதைக் கேட்டா எனக்கே வரலாம்னு தோணுது மச்சான்."

சூரியன் இறங்கியபின் அரைமணி நேரம் வரை சுடலாம். சூரியன் இறங்கிப் பத்து நிமிடம் ஆனபோது மேல் பக்கக் காட்டில் கொம்பு மரத்தில் உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு உறுமல். ஆண் மூஸ் மரங்களை விலக்கிக்கொண்டு வந்து, நேரே பீவர் குளத்துக்குள் இறங்கியது. வயிறு வரை தண்ணீரில் நின்று, தன்னைக் கூப்பிட்டவள் எங்கே என்று தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. கொம்பு இரண்டு பக்கமும் கதவு திறந்த மாதிரி விரிந்திருந்தது. எழுபது அடி தூரம், ஓடையின் அக்கரையிலேயே, அவருடைய மண்டலத்துக்குள். லியோன்ஸின் மூன்றும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது.

ரோசேர் துப்பாக்கியைத் தோளில் வைத்தார். ஆனால் அது நின்ற இடம் ரோட்டுக்கு மேற்புறம், அடியே இல்லாத சேறு. தண்ணீரில் நிற்கிற மூஸைச் சுடாதே என்பது அந்த ஊரில் நடக்கத் தெரிந்தவனுக்கெல்லாம் தெரியும். அந்தச் சேற்றில் விழுந்தால் வண்டி இழுக்காது, வடம் இழுக்காது. அந்தப் பக்கம் வண்டியைக் கொண்டுபோகவும் முடியாது. இறைச்சியைச் சேற்றில் அழுக விட்டவன் என்ற பெயர்தான் மிஞ்சும்.

பதினைந்து அடி ரோட்டுப் பக்கம் வந்தால் கெட்டித் தரை. ரோசேர் மறுபடி மெல்ல முனகினார். மூஸ் காதைத் திருப்பியது, காலை எடுக்கவில்லை. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.

"இன்னும் மூணு நிமிஷம்" என்று லியோன்ஸ் காதருகில் சொன்னார். "சுடு மச்சான். முப்பத்தொரு வருஷம். இப்ப சுடு, அப்புறம் பாத்துக்கலாம்."

ரோசேரின் விரல் அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத் துப்பாக்கியைக் கீழே இறக்கினார்.

மூஸ் இன்னும் சற்று நேரம் நின்றது. நேரம் முடிந்து ஐந்து நிமிடம் ஆனபின், ஆற அமர இந்தப் பக்கம் வந்து ரோட்டில் ஏறி, தண்ணீரைச் சொட்டவிட்டுக்கொண்டு, ரோசேர் போட்ட ரோட்டின் நடுவிலேயே நடந்து போனது.

வண்டி திரும்பி எட்டாவது மைலுக்கு வந்தபோது ரோசேர் சொன்னார்: "மாப்ளே, அந்தக் குழாயப் போட்ட மடப்பய நான்தான்."

"தெரியும்" என்றார் லியோன்ஸ்.

"என்ன தெரியும்?"

"அன்னிக்குக் குலுக்கலுக்குச் சேத்துக் காலோட வந்து நின்னியே. என் பேரைப் படிச்சப்போ கை தட்டினே, சேறு என் வெள்ளைச் சட்டையில தெறிச்சுது. அந்த அக்டோபர்ல இந்த ரோட்டுலதான் வந்தேன். புதுசா மூடின மண்ணு, உள்ள பழைய சின்னக் குழாய். கூட்டிக் கழிச்சுப் பாக்கத் தெரியாதா எனக்கு?"

"அப்புறம் ஏன்யா வாரம் பூரா அந்தத் திட்டுத் திட்டினே?"

"திட்டினா நீயே சொல்லிடுவேன்னு பாத்தேன். சொல்லல. அதுவரைக்கும் திட்டறதும் நல்லாத்தான் இருந்துச்சு."

ஜெர்மேன் ஃப்ரீசர் கதவைச் சாத்தினாள். சீட்டு விழுந்தவர் சுட்டாலும் சுடாவிட்டாலும், சில வருடங்களுக்கு மறுபடி மனுப் போட முடியாது. அதை நினைத்து ரோசேருக்கு ஆறுதல் சொல்ல வந்தவர்களை எல்லாம் ஜெர்மேன் வாசலிலேயே காபி கொடுத்து அனுப்பினாள்.

மே மாதம் பனி போனதும் ரோசேர் கம்பெனிக்குப் போனார். சம்பளம் வேண்டாம், மெஷினும் பெரிய குழாய் ஒன்றும் கொடுங்கள் போதும் என்றார். மூன்று நாள் தனியாக வேலை செய்தார். பழைய குழாயைத் தோண்டி எடுத்தபோது அதற்குள்ளிருந்து லியோன்ஸின் கிழங்குக் கொக்கி விழுந்தது. நான்கடிக் குழாயை இறக்கி, பீவர் நெருங்காதபடி முன்னால் கம்பி வேலி அடித்து, நிரவி, உருட்டி முடித்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. அதுதான் அவர் வாழ்க்கையில் போட்டதிலேயே நல்ல குழாய்.

ஜூன் மாதக் குலுக்கலில் லியோன்ஸின் பெயரை வாசித்தார்கள். நான்காவது முறை, அதே மண்டலம். ரோசேர் கை தட்டினார். கையில் சேறு இல்லை.

அக்டோபர் திங்கள் விடியலில், துணைச் சீட்டோடு ரோசேர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, லியோன்ஸின் வண்டி பதினேழாவது மைலுக்கு வந்தது. ரோடு உலர்ந்து கிடந்தது. அடியில் ஓடை சளசளவென்று போய்க்கொண்டிருந்தது. லியோன்ஸ் குழாய்க்கு நேர் மேலே வண்டியை நிறுத்தி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கீழே பார்த்தார்.

"எத்தனை அங்குலம் மச்சான்?"

"நாப்பத்தெட்டு."

"நல்லாத்தான் போட்டிருக்கே. ஒரு வருஷம் முன்னாடி போட்டிருக்கலாம்."

ரோசேர் முன்னால் நீண்டு கிடந்த ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டிய எடுய்யா" என்றார்.