வராத மாத்திரை

கண்டியில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். நாய்களிடமிருந்து மணல் ஈ வழியாக மனிதருக்குத் தொற்றக்கூடிய ஒட்டுண்ணி நோய்க்குப் புது மருந்து தேடுகிறோம். மாதிரி எடுக்க கிளினிக்குக்குப் போகும்போது மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்துப் பார்வதி அக்காவைப் பார்ப்பேன். அந்த நோயால் கன்னத்தில் வந்த புண்ணுக்குள்ளேயே அவருக்கு வாராவாரம் ஊசி போடுவார்கள். வலியில் என் கையை இறுகப் பிடித்துக்கொள்வார்.

ஒருநாள் ஆய்வுகூடத் தட்டில் எங்கள் மருந்து பட்ட ஒட்டுண்ணிகள் எல்லாம் செத்துக் கிடந்தன. சந்தோஷம் தாங்காமல், "அக்கா, மாத்திரை கண்டுபிடிச்சிட்டோம். இனி ஊசி வேணாம்" என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரமே, அது மனித உயிரணுக்களையும் கொல்வது தெரிந்தது. மருந்தைக் கைவிட்டோம். அக்கா கிளினிக் வருவதை நிறுத்தியிருந்தார். நான் தேடிப் போகவில்லை.

ஆறு மாதம் கழித்து வந்தார். புண் கண்ணருகே வரை பரவியிருந்தது.

"ஏன்க்கா வராம இருந்தீங்க?"

"நீங்கதானே மிஸ் ஊசி வேணாமுன்னு சொன்னீங்க. மாத்திரை வந்திருச்சா?"

"இல்லக்கா. அது சரிவரல. நான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன்."

அக்கா கோபப்படவில்லை. "அப்ப திரும்பவும் ஊசிதானா?" என்று கேட்டுவிட்டுக் கன்னத்தைத் திருப்பிக் காட்டினார். இம்முறை என் கையைப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு மருந்துகள் தோற்றுவிட்டன. என் காலத்தில் ஒன்று தேறும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. மாத்திரை எப்போது வரும் என்று யாராவது கேட்டால், தெரியாது என்று மட்டும் சொல்கிறேன்.