இரவல் போத்தல்

பொய்யை வாயிலும் உண்மையைப் போத்தலிலும் கொண்டுவருகிறவர்களை ஒரே கவுண்டரில் வரவேற்பது என் தொழில். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கிளினிக். கணவர் போனபின் வீட்டின் அமைதி தாங்காமல் சேர்ந்தேன். இனிப்புநீர் என்கிற சர்க்கரை நோய்க்காரர்களே, நானும் உங்கள் கட்சிதான், கோபப்படாமல் படியுங்கள்.

மூன்று நாள் விரதம்

கிள்ளான் லோரி ஓட்டுநர் ஆறுமுகம், சோதனைக்கு இரத்தம் கொடுக்க மூன்று நாள் இருக்கும்போது மட்டும் இனிப்பான தே தாரேக் தேநீரை நிறுத்துவார். சிறுநீரில் புரதம் கசிகிறது, சிறுநீரகம் வலிக்காமலே பழுதாகும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். இரத்தச் சோதனை மூன்று மாதச் சர்க்கரையையும் சொல்லிவிடும் என்றேன்.

“டிராபிக் போலீஸ்கூட மூணு மாசம் பின்னால போய்ப் பார்க்க மாட்டான் லா, ஆன்டி!”

பச்சையோ பச்சை

அடுத்த முறை மனைவி சரோஜாவோடு வந்தார். சிறுநீர்ப் போத்தலை நீட்டும்போதே முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு. சோதனைத் தாளை நனைத்தேன். புரதம் முன்னைவிட அதிகம். தாள் பச்சையோ பச்சை. மனிதர் பதறி, “இது என்னுது இல்ல ஆன்டி, இவளோடது!” என்று உளறிவிட்டார்.

சரோஜா ஒருநாளும் சோதித்ததில்லை. கால் வீங்குவது கேண்டீனில் நின்றே சமைப்பதால் என்று நினைத்திருந்தார். இரத்தத்தைப் பார்த்தால் சர்க்கரையும் ஏறிக் கிடந்தது. சிறுநீரகத்தில் போனது திரும்பாது, இருப்பதை நெடுநாள் காக்கலாம் என்று சொல்லி, டாக்டர் அன்றே மாத்திரை தொடங்கினார்.

“இருபது வருஷத்துல இவரு என்கிட்ட கேட்டு வாங்கினது இது ஒண்ணுதான். அதுவும் கெட்டுப்போச்சு!” என்றார் சரோஜா.

லட்டுப் பெட்டி

சரோஜா உப்பைக் குறைத்தார், மாத்திரையை மறக்கவில்லை. ஆறுமுகத்துக்கு விரதம் அதே மூன்று நாள்தான். இரண்டு வருடம் கழித்து லட்டோடு வந்தார். தினம் போடும் இன்சுலினைக் குறைத்தும் சர்க்கரை இறங்குகிறதாம். சிறுநீரகம் பழுதாகிப் போய்ச்சேர்ந்த என் கணவரும் இப்படித்தான் ஒருநாள் ஜிலேபி வாங்கிவந்தார். தளர்ந்த சிறுநீரகம் இன்சுலினைக் கழிக்காது, அது உடம்பிலேயே தங்கிச் சர்க்கரையை இறக்கும் என்று டாக்டர் விளக்கினார். ஆறுமுகம் பெட்டியை மூடினார்.

“அப்ப லட்டை யாரு சாப்பிடறது, டாக்டர்?”

பக்கத்துக் கட்டில்

அடுத்த ஆண்டே அவருக்கு டயாலிசிஸ். வாரம் மூன்று நாள். சென்ற மாதம் சரோஜாவின் சோதனைக்குத் துணையாக வந்தார். தாளை நனைத்துப் பார்த்தேன். பச்சை வெளுத்திருந்தது, புரதம் குறைந்திருக்கிறது. இரத்தச் சோதனையிலும் சிறுநீரகத்தின் திறன் இம்மியும் இறங்கவில்லை. ஆறுமுகம் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

“நான் மட்டும் யோக்கியமா என் போத்தலைக் கொண்டாந்திருந்தா, இந்நேரம் பக்கத்துக் கட்டில்ல இவளும் படுத்திருப்பா, ஆன்டி!”

ஆகவே இப்போதெல்லாம் யார் போத்தல் நீட்டினாலும், கூட வந்தவர் கையிலும் ஒரு காலிப் போத்தலைத் திணித்துவிடுகிறேன்.