அரையும் காலும் இடம் மாறிய இயந்திரம்

தட்டெழுத்துக்காரனுக்கு இரண்டு எசமான்கள்: முன்னால் நாற்காலியில் இருந்து சொல்கிறவர் ஒருவர், மேசையில் இருக்கும் இயந்திரம் மற்றவர், இருவரும் ஒரே நாளில் ஒத்துப்போனதாக எனக்கு நினைவில்லை. நீங்களும் விரல் நுனியால் பிழைத்தவராக இருந்தால் இதற்கு விளக்கம் கேட்கமாட்டீர்கள்.

எழுபதுகளின் கடைசியில் கல்முனைக் கடைத்தெருவில் ஒரு தட்டெழுத்துக் கடையில் வேலைக்கிருந்தேன். இங்கே சொல்லும் நான்கு சம்பவங்களும் ஒரே பெட்டிசத்தை, அதாவது ஒரே மனுவை, சுற்றி நடந்தவை. முஸ்லிம் மூத்தவர்களை எங்கள் பக்கத்தில் காக்கா என்போம். வரிப்பத்தான்சேனை ஆதம்பாவா காக்காவின் வயலில் வாய்க்காலை ஒட்டிய கால் ஏக்கரை, பக்கத்து வயல்காரர் தன்னுடையது என்றார். வயலுக்குத் தண்ணீர் பாய்வதே அந்தத் துண்டின் வழியாகத்தான். அது கைமாறினால் ஒவ்வொரு போகமும் தண்ணீருக்கு அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து நிற்கவேண்டும்.

புதிதாக வந்த பழைய இயந்திரம்

முதலாளி கொழும்பிலிருந்து பாவித்த ஆங்கில இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்தார். கடையில் முன்பே இருந்ததில் ஒன்று என்ற இலக்கமே கிடையாது. அதுபோலத் தோன்றும் ஆங்கிலச் சின்ன எழுத்து l-ஐ அடித்துச் சமாளிப்போம். வியப்புக்குறி வேண்டுமானால் மேலே ஒரு சிறு கோடு போட்டு, ஓர் இடம் பின்னால் வந்து, கீழே புள்ளி வைப்போம். புதிதாக வந்ததில் இரண்டும் இருந்தன. ஆனால் வேறொரு கோளாறு. ½, ¼ இரண்டும் ஒரே விசையில்தான். முன்னையதில் சும்மா தட்டினால் அரை, ஷிப்டை அழுத்திக்கொண்டு தட்டினால் கால். இதில் அது தலைகீழ்.

என்னோடு வேலை செய்த தேவராசன் அண்ணன் மெதடிஸ்த கோயிலுக்கு ஞாயிறு ஆராதனைத் தாள் அடித்துக் கொடுப்பவர். புதியதில் ஒரே ஒரு வரி அடித்தார். எழுந்து பழைய மேசைக்கே போய்விட்டார். இளையவன் என்பதால் புதியது என் தலையில் விழுந்தது. முதலாளி ஏன் என்று கேட்டதற்கு அண்ணன் தலை நிமிராமல் சொன்னார்: "மிசின் வாங்கினீங்க, சரி. அதோட பத்து விரலும் வாங்கியிருக்கலாம்."

உச்சியில் மூன்று இலக்கம்

ஆதம்பாவா காக்கா சம்மாந்துறை பஸ்ஸில் வந்து இறங்கினார். மேலதிகாரிகளின் கந்தோருக்குப் பெட்டிசம் ஆங்கிலத்தில் போனால்தான் வாசிப்பார்கள் என்பது அப்போது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அவர் தமிழில் சொல்ல, நான் ஆங்கிலத்தில் அடித்தேன். காணி எவ்வளவு என்றேன். அஞ்சு புசல் என்றார். எங்கள் வயல்காரர்கள் காணியை விதைநெல்லால்தான் அளப்பார்கள். இரண்டு புசல் விதைத்தால் அது ஓர் ஏக்கர். மனதிலேயே கணக்குப் பார்த்து, இரண்டரை ஏக்கர் என்று அடித்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

அடித்து முடித்ததும், தாளின் உச்சியில் 786 போடவில்லையே என்றார். அல்லாஹ்வின் பெயரால் என்று பிஸ்மி சொல்லாமல் ஒன்றையும் தொடங்காதவர். கடிதத்தில் அதற்குப் பதிலாக அந்த மூன்று இலக்கம். போட்டுக் கொடுத்தேன். மூன்று வாரத்தில் பதில் வந்தது. கந்தோர்க் கிளாக்கர் அதை எங்கள் கடித இலக்கம் என்று நினைத்து, 'உமது இலக்கம் 786' என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தார். அதை வாசித்துக் காட்டியபோது காக்காவின் முகம் மலர்ந்தது. "பெரியவரும் பிஸ்மி சொல்லித்தான் தொடங்கியிரிக்கார். இனி நமக்கென்ன பயம்?"

அதே கடிதத்தின் மூன்றாம் வரி

பயத்துக்குக் காரணம் மூன்றாம் வரியில் இருந்தது. திங்கட்கிழமை விசாரணை, விசாரிக்கப்போவது 'நீர் கோரும் 2¼ ஏக்கர்' பற்றி. பக்கத்து வயல்காரர் கேட்ட அதே கால் ஏக்கரை, அவருக்காக நானே கழித்துக் கொடுத்திருக்கிறேன். காபன் பிரதியை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் பிரதியில் எல்லாப் பின்னமும் ஒரே கறுப்புப் பொட்டு. அரை என்றாலும் நம்பலாம், கால் என்றாலும் நம்பலாம். மறைக்க வசதியான பொட்டுத்தான். தேவராசன் அண்ணன் அதை எட்டிப் பார்த்துவிட்டு, என் பக்கம் ஒரு நாற்காலியை நகர்த்தி வைத்தார், காக்கா இருப்பதற்கு.

விசை இடம் மாறியதைச் சொன்னேன். என் பிழை என்றும், கந்தோரில் நானே வந்து சொல்கிறேன் என்றும் சொன்னேன். அவர் ஏசவில்லை. கடிதத்தை வாங்கி, வாசிக்கத் தெரியாத அந்த வரியை விரலால் தொட்டார். "நான் உங்களுக்கிட்ட அஞ்சு புசல் எண்டுதானே மகன் சொன்னன்? ஏக்கராக்கினது நீங்கதானே."

விசாரணை

திங்கட்கிழமை நானும் காக்காவும் பக்கத்து வயல்காரரும் காணி உத்தியோகத்தர் முன்னால் நின்றோம். நான் இயந்திரத்தின் கதையைச் சொன்னேன். உத்தியோகத்தர் கேட்டுக்கொண்டார், நம்பினாரா என்று தெரியவில்லை. பக்கத்து வயல்காரர் அமைதியாக, காகிதத்தில் இருப்பது ஆதம்பாவாவின் கையொப்பம்தானே என்றார். காக்கா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

உத்தியோகத்தர் பெட்டிசத்தை மூடி வைத்தார். பக்கத்து வயல்காரரிடம், நெடுங்காலமாக அயலில் இருக்கிறீர்களே, ஆதம்பாவா போகத்துக்கு எத்தனை புசல் விதைப்பார் என்று சாதாரணமாகக் கேட்டார். விதைப்புக் காலத்தில் வரப்பில் நின்று ஒருவருக்கொருவர் கேட்கும் கேள்வி அது. அவரும் அப்படியே, யோசிக்காமல், வருசா வருசம் அஞ்சு புசல்தான் என்றார். அந்தக் கால் ஏக்கரும் சேர்ந்தால்தான் அஞ்சு புசல். சொன்ன பிறகுதான் வாய் நின்றது. உத்தியோகத்தர் ¼ஐ வெட்டி, மேலே அரை என்று எழுத்தில் எழுதிக் கையொப்பம் வைத்தார். ஆதம்பாவா காக்காவின் கை மேசையை விட்டது.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது பக்கத்து வயல்காரர் எங்களோடேயே நின்றார். மூவருக்கும் அதே பஸ்தான். யாரும் கேட்காமலே அவர் சொன்னார்: "ஏக்கரில கேட்டிருந்தா யோசிச்சிச் சொல்லியிரிப்பன். மனிசன் புசல்ல கேட்டுட்டான்."

அதற்குப் பிறகும் ஏழு வருடம் அந்த இயந்திரத்தில்தான் அடித்தேன். யாருடைய காணியையும் கால் ஏக்கருக்கு மேல் நான் குறைத்ததில்லை.