கோடாலியை ஒளித்துவைத்த சிறுமி

2002-ஆம் ஆண்டு. கமுதிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமம். தொண்டு நிறுவனம் ஒன்று அங்கே நடத்திய குழந்தைகள் மையத்தில் எனக்கு ஆசிரியை வேலை. படிப்பை முடித்து இரண்டு வருஷம் சும்மா இருந்த பிறகு கிடைத்த முதல் வேலை என்பதால் ஆர்வம் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரை பதினெட்டுப் பிள்ளைகள். எல்லோருமே கூலிவேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள்.

அந்த வருஷம் ராமநாதபுரத்தில் எங்களுக்கு மூன்று நாள் பயிற்சி வைத்தார்கள். இயற்கையைக் காப்பாற்றுவது பற்றிச் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஆளுக்கு ஐந்து படப்புத்தகங்கள் கொடுத்து அனுப்பினார்கள். வழவழப்பான தாள், பெரிய பெரிய வண்ணப் படங்கள். தண்ணீரை வீணாக்காதே, குப்பையைத் தெருவில் போடாதே என்று ஒவ்வொன்றிலும் ஒரு விஷயம். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துப்போனது மரத்தைப் பற்றிய புத்தகம்தான். அடர்ந்த காடு, கிளைக்குக் கிளை குருவிக்கூடு. நான்காம் பக்கத்தில் ஒருவன் கோடாலியோடு வருவான். முறுக்கிய மீசை, சிவந்த கண்கள். கடைசிப் பக்கத்தில் காடு இருக்காது, மழை இருக்காது, குருவிகள் மட்டும் அழுதுகொண்டிருக்கும்.

நான் அந்தக் கதையை நடித்தே காட்டுவேன். நான்காம் பக்கம் வந்ததும் குரலை மாற்றி உறுமுவேன். பிள்ளைகள் பயந்து கத்துவார்கள். "மரத்தை வெட்டுறவன் யாரு?" என்று கேட்பேன். "கெட்டவன்" என்று பதினெட்டுக் குரலும் சேர்ந்து வரும். பார்வையிட வந்த அதிகாரி ஒருவர் இதைப் பார்த்துவிட்டு என்னை மிகவும் பாராட்டினார். அப்புறம் கேட்க வேண்டுமா? வாரத்துக்கு மூன்று நாள் அந்தப் புத்தகம்தான்.

முன்வரிசையில் ஒரு சிறுமி உட்காருவாள். ஆறு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. எந்தப் பாட்டையும் இரண்டு தடவை கேட்டால் போதும், திருப்பிப் பாடிவிடுவாள். ஒருநாள் அவள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. நான் கவனித்துவிட்டேன். எழுந்து நிற்கச் சொல்லி, "நீ மட்டும் தனியாச் சொல்லு, பாப்போம்" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். விட்டிருக்கலாம். மறுபடியும் கேட்டேன். பாவாடையைத் திருகிக்கொண்டே மெதுவாக, "கெட்டவன்" என்றாள். பின்னால் நாலைந்து பிள்ளைகள் சிரித்தார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. எல்லோரையும் கைதட்டச் சொன்னேன்.

அடுத்த வாரம் அவள் வரவில்லை. ஐந்து நாளாகியும் வராததால், காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்து வீட்டுக்குப் போனேன். கண்மாய்க்கரையை ஒட்டி ஓலை வேய்ந்த வீடு. வாசலில் கரிமூட்டைகள் அடுக்கியிருந்தன. அவளுடைய பெற்றோர் சீமைக்கருவேல மரத்தை வெட்டி, மண் மூடி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்கிறவர்கள். மழை பொய்த்து மிளகாயும் பருத்தியும் கருகிப்போன அந்த வருஷத்தில், அந்தப் பக்கத்தில் பாதிக் குடும்பங்களுக்குச் சோறு போட்டது அந்த முள்மரம்தான். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. நான் உடுத்தியிருந்த சேலைக்கு இஸ்திரி போட்டதே அந்தக் கரியில்தான். ஆனாலும் புத்தகத்தில் இருந்த காட்டையும் இந்தக் கருவேலத்தையும் நான் ஒருநாளும் சேர்த்து நினைத்துப் பார்த்ததில்லை.

உள்ளே கயிற்றுக் கட்டிலில் அவளுடைய அப்பா படுத்திருந்தார். இடது காலில் பெரிய கட்டு.

"வாங்க டீச்சர், இங்கன உக்காருங்க" என்று சாக்கை உதறிப் போட்டார் அவளுடைய அம்மா. என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"பாப்பா கோடாலிய இழுத்துட்டுப் போயி கண்மாய்க்குள்ள புதருல ஒளிச்சு வச்சிருச்சு டீச்சர். எங்களுக்குத் தெரியல. எவனோ களவாண்டுட்டான்னு நெனச்சோம். வேலை கெடுதேன்னு இவரு அடுத்த வீட்டுல ஒண்ணை இரவல் வாங்கிட்டுப் போனாரு. அதுல காம்பு ஆடியிருக்கு. ரெண்டாவது வெட்டுலயே தலை கழண்டு கால்ல எறங்கிருச்சு."

ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். அடிபட்டவரை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் கிடத்தியபோது, இரத்தத்தைப் பார்த்த சிறுமி கண்மாய்க்குள் ஓடியிருக்கிறாள். ஒளித்துவைத்த கோடாலியை இழுத்துக்கொண்டு வந்து, "இந்தா அய்யா, இந்தா அய்யா" என்று அவர் பக்கத்தில் போட்டாளாம். அப்போதுதான் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது.

என்னைத் திட்டுவார்கள் என்று நினைத்தேன். யாரும் திட்டவில்லை. அவர் கூரையைப் பார்த்தபடி பேசினார்.

"சோறு திங்கும்போது எங்கிட்டக் கேட்டுச்சு டீச்சர், 'அய்யா, நீ கெட்டவனா'ன்னு. நான் வெளையாட்டா, 'ஆமாத்தா'ன்னு சொல்லிப்புட்டேன். அப்பவே பக்கத்துல உக்கார வச்சு வெவரம் சொல்லியிருக்கணும். எம்மேலதான் தப்பு."

தப்பு உங்களுடையதில்லை, என்னுடையது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால், "சீக்கிரம் குணமாயிரும்ங்க" என்று மட்டும்தான் சொன்னேன்.

சிறுமி வீட்டுக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இது வேறு மரம், நிலத்துத் தண்ணீரையெல்லாம் குடித்துவிடும் மரம், இதை வெட்டினால் பாவமில்லை, உன் அய்யா ரொம்ப நல்லவர் என்று தெரிந்ததையெல்லாம் சொன்னேன். முழுவதையும் கேட்டாள். கேட்டுவிட்டு, "அப்ப ஏன் டீச்சர் என்னைய மட்டும் தனியாச் சொல்லச் சொன்னீங்க?" என்றாள்.

நாளைக்கு மையத்துக்கு வந்துவிடு என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

அதற்குப் பிறகு அவள் மையத்துக்கு வரவே இல்லை. காலை ஊன்றி நின்று மரம் வெட்ட அவரால் முடியவில்லை. இரண்டு மாதம் கழித்து, அவளுடைய அம்மாவுக்கு ஏதோ கம்பெனியில் வேலை கிடைத்ததென்று குடும்பத்தோடு திருப்பூர்ப் பக்கம் போய்விட்டார்கள். நான் லீவு முடிந்து வந்தபோது வீடு சாத்திக் கிடந்தது. ஊரில் விசாரித்தேன். சரியான விலாசம் யாருக்கும் தெரியவில்லை. சொல்லாமல் விட்ட அந்த ஒரு வார்த்தையை இனி யாரிடம் போய்ச் சொல்வது?

இன்றும் நான் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் பாடம் நடத்துகிறேன். மரத்தைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது, சொல்லத்தான் வேண்டும். ஆனால் புதிதாக ஒரு பிள்ளை சேர்ந்தால் முதல் வாரத்திலேயே அதன் வீட்டுக்குப் போய்வந்துவிடுகிறேன். நான் சொல்லும் சொல்லைத் தூக்கிக்கொண்டு ஒரு குழந்தை யாரிடம் திரும்பிப் போகிறது என்று தெரியாமல் எந்த நல்லதையும் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்பதைக் கற்றுக்கொண்டது நான், அதற்காக மூன்று விரல்களை இழந்ததோ என்னை ஒரு வார்த்தை திட்டாத அந்த மனிதர்.